இரண்டு விரல், மூன்று கணக்கு

கோவையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பவர் பிரஸ் பட்டறை இருந்தது. எட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். 2022-இல் ஒரு சாயங்காலம், அங்கே பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்த முப்பது வயதுத் தம்பி ஒருவருக்கு வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் டைக்கு அடியில் போய்விட்டன. கட்டுப் பிரித்த பிறகு ஜவுளிக்கடைப் பையில் எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்தச் சட்டங்களைப் பற்றி அவ்வப்போது எழுதுகிறவன் என்பதால் இப்படிப் பைகள் வரும். வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பர்சென்ட்ணா போடுவாங்க?"

எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். லாரி மோதிக் கால் முறிந்தவரும், சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாரும், பட்டாசுத் தீயில் முகம் வெந்தவரின் அக்காவும் இதையே கேட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டு விபத்துத் தீர்ப்பாயங்களில் ஒரு சதவீத ஊனத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்கித் தொகை சொல்லும் பழக்கம் நெடுநாளாக உண்டு. அதனால் சதவீதம் என்பது ஏதோ ரேஷன் கார்டு மாதிரி, வாங்கி வைத்துக்கொண்டால் எங்கும் செல்லும் என்ற எண்ணம் படிந்துவிட்டது. அது அப்படிச் செல்லாது. விரல் எங்கே போனது, எந்தச் சட்டத்தின் வாசலில் போய் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து அதே இரண்டு விரலுக்கு மூன்று தனித்தனிக் கணக்கு.

அந்தத் தம்பியையே வைத்துப் போட்டுப் பார்க்கலாம். மாதச் சம்பளம் 15,000.

முதல் வாசல் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். ஆனால் இதில் ஒரு துணிச்சல் இருந்தது. முதலாளியின் தப்பு என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டது என்று காட்டினால் போதும். வேலை செய்யவே முடியாத முழு ஊனம் என்றால், சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்து, வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். இறந்துபோனால் 60-க்குப் பதில் 50. முப்பது வயதுக்கு உரிய எண் 207.98. எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் கணக்கில் ஏறுவது ஓர் உச்சவரம்பு வரைதான். 2010-இலிருந்து 8,000 என்று இருந்ததை 2020 ஜனவரியில் 15,000 ஆக்கினார்கள். ஆக 9,000 பெருக்கல் 207.98. முழு ஊனத்துக்கு 18,71,820 ரூபாய். இனி அட்டவணையைப் பிரிக்க வேண்டும். ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீதம், கட்டைவிரல் ஒன்று மட்டும் போனால் 30, நான்கு விரலும் போனால் 50, மணிக்கட்டோடு கை போனால் 60 என்று கசாப்புக் கடைப் பலகை போல எழுதி வைத்திருக்கிறது. இவருக்கு 20. அதாவது 3,74,364 ரூபாய்.

பட்டறையில் பத்துப் பேர் இருந்திருந்தால் கதை வேறு. அப்போது இ.எஸ்.ஐ. வந்துவிடும். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிற திட்டம். வேலை விபத்து என்றால் இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. காயம் ஆறும் வரை சம்பளத்தில் 90 சதவீதம் தருவார்கள். ஆறிய பிறகும் நிற்கிற ஊனத்துக்கு, அந்த 90 சதவீதத்தில் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்ததோ அந்தப் பங்கு, ஆயுள் முழுக்க. நாள் கூலி 500 என்றால் 450; அதில் 20 சதவீதம் 90 ரூபாய். மாதம் 2,700. கையில் மொத்தமாகப் பணம் வராது என்று இதைப் பலர் வெறுக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பது வயதில் தொடங்கி அறுபத்தைந்து வரை வாங்கினாலே பதினொரு லட்சத்தைத் தாண்டுகிறது, அதை மச்சான் கடனாகக் கேட்கவும் முடியாது. இ.எஸ்.ஐ.க்குள் வந்துவிட்டவர் வேலை விபத்துக்காக முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது வாசல், மோட்டார் வாகனச் சட்டம். இதே தம்பி பைக்கில் போகும்போது அடுத்தவர் கார் இடித்து இதே இரண்டு விரல் போயிருந்தால்? 2009-இல் சர்ளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுக்கேற்ற பெருக்கெண்களை வரிசைப்படுத்தியது: 26 முதல் 30 வயது வரை 17, 36 முதல் 40 வரை 15, 51 முதல் 55 வரை 11 என்று இறங்கிக்கொண்டே போகும். 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில், நிரந்தர வேலை இல்லாதவருக்கும் நாற்பது வயதுக்குள் என்றால் வருமானத்தோடு 40 சதவீதம் எதிர்கால உயர்வு சேர்க்கச் சொன்னது. 15,000 என்பது 21,000 ஆகிறது. பன்னிரண்டு மாதம், பதினேழு மடங்கு, அதில் 20 சதவீதம்: 8,56,800 ரூபாய். வலிக்கும் வைத்தியத்துக்கும் துணைக்கு இருந்தவருக்கும் தனி. சம்பள உச்சவரம்பும் கிடையாது. ஆனால் இங்கே எதிர்வண்டியின் தப்பைக் காட்டியாக வேண்டும்.

விரலும் வயதும் சம்பளமும் ஒன்றுதான். மூன்றே முக்கால் லட்சம், எட்டரை லட்சம், மாதம் 2,700. இதைச் சொன்னபோது தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரோட்ல போயிருந்தா நல்லாருந்திருக்கும் போல" என்றார். சிரிப்பதா என்று தெரியவில்லை.

சதவீதம் எப்படி வருகிறது என்று பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். மருத்துவர் எழுதுவது உடம்பின் ஊனம். நீதிமன்றம் பார்க்க வேண்டியது பிழைப்பின் ஊனம். இரண்டும் வேறு என்பதை 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் பொறுமையாக விளக்கியிருக்கிறது. இடது கை போனால் உடலளவில் 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், போனது ஓட்டுநருக்கோ தச்சருக்கோ என்றால் பிழைப்பு ஏறத்தாழ முழுக்கப் போயிற்று. அரசு அலுவலக எழுத்தருக்கு என்றால் அந்த அளவு இல்லை. காலில் 45 சதவீதம் என்று எழுதிய சான்றிதழை உடம்பு முழுக்க 45 என்று படிக்கக் கூடாது என்றும் அது எச்சரித்தது. அட்டவணைச் சட்டத்திலும் இந்த ஈரம் உண்டு. சினிமா தியேட்டர் ஒன்றில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டி வந்தது. அட்டவணைப்படி அது பகுதி ஊனம்தான். ஒற்றைக் கையால் தச்சு வேலை நடக்காது, எனவே முழு ஊனம் என்றது உச்ச நீதிமன்றம், 1975-இல். இழப்பீடு கொடுக்க வேண்டிய கடமை தீர்ப்பு வரும் நாளில் அல்ல, விபத்து நடந்த அன்றே பிறந்துவிடுகிறது என்று அதே தீர்ப்பு சொன்னதால்தான் வட்டிக் கணக்கு இன்றைக்கும் பழைய தேதியிலிருந்து ஓடுகிறது. ஒரு மாதத்துக்குள் கட்டாத முதலாளிக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தகுந்த காரணம் இல்லையென்றால் தொகையில் பாதி வரை அபராதம். வட்டியை இன்சூரன்ஸ் கம்பெனி தலையில் ஏற்றலாம். அபராதம் முதலாளியின் சொந்தப் பையிலிருந்துதான் போக வேண்டும். இதைச் சொன்னால் சில முதலாளிகள் சட்டென்று பேச்சுவார்த்தைக்கு வருவார்கள்.

பிரஸ் ஓட்டுகிறவருக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் என்றால் என்ன? தகட்டைப் பிடித்து டைக்குள் நேராக வைப்பதே அந்த இரண்டும்தான். ஆகவே 20 என்பது தொடங்குமிடம், அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை என்று வாதாட இடம் உண்டு. ஆனால் அதற்குச் சாட்சி வேண்டும். என்ன வேலை செய்தார், அந்த வேலையில் கை எப்படி இயங்கும் என்று தொழிலாளர் இழப்பீட்டுக் கமிஷனர் முன்னால் யாராவது சொல்ல வேண்டும். பெரும்பாலான மனுக்களில் அந்தப் பகுதி ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

சம்பளத்துக்குச் சீட்டு இல்லையே என்பது அடுத்த கவலை. வாராவாரம் சனிக்கிழமை கவரில் கூலி வாங்குகிற ஊரில் சீட்டுக்கு எங்கே போவது? இதற்கு நல்ல பதில் 2014-இல் வந்தது. கர்நாடகத்துக் காய்கறி வியாபாரி ஒருவர், இருபத்து நாலு வயது, சாலை விபத்தில் வலது கால் போய்விட்டது. வருமானத்துக்கு ஆதாரம் இல்லை. அமைப்புசாரா வேலையில் இருப்பவரிடம் காகிதம் கேட்க முடியாது என்று சொல்லி மாதம் 6,500 என ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றம், காலில்லாமல் காய்கறி விற்க முடியாது என்று ஊனத்தையும் 65-இலிருந்து 85 சதவீதமாக உயர்த்தியது. வீட்டு வேலை மட்டும் பார்க்கிற பெண்ணுக்கும் வருமானம் என்று ஒரு தொகை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்பது 2021-இல் கீர்த்தி வழக்கில் மறுபடி உறுதியானது.

"என் மேலயும் தப்பு இருக்கே" என்று தயங்குகிறவர்கள் நிறைய. பட்டறையில் இதைத்தான் முதலில் சொல்வார்கள்: கார்டைக் கழற்றியது நீதானே? தொழிலாளி வேண்டுமென்றே பாதுகாப்புக் கருவியை நீக்கினால், குடித்திருந்தால், முதலாளி தப்பிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் சாவுக்கும் முழு ஊனத்துக்கும் அந்தச் சாக்கு எடுபடாது. அதற்குக் குறைந்த காயத்திலும், வேண்டுமென்றே நீக்கினார் என்று முதலாளிதான் காட்ட வேண்டும். மணிக்கு இத்தனை பீஸ் என்று கெடு வைத்துவிட்டு, கார்டோடு அந்த எண்ணிக்கை வராது என்று தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்ட பட்டறைக்காரர் அதைக் காட்டுவது லேசில்லை. சாலை விபத்தில் உங்கள் பங்குத் தப்புக்கு ஏற்பத் தொகை குறையும், வழக்கே விழுந்துவிடாது. இடித்த வண்டி ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லையென்றால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் பிறகு வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன.

உண்மையிலேயே கதவு மூடியிருக்கிற இடம் வேறு. பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறவர். வண்டிக்கு வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்து, ஓட்டியவர் தானாகவே சறுக்கி விழுந்தால், பின்னால் இருந்தவருக்கு அந்த பாலிசியில் பாதுகாப்பு இல்லை என்று 2006-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. மனைவியை, பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு போகிற ஊரில் இது எத்தனை பேருக்குத் தெரியும்? ஓட்டியவர் வண்டியின் சொந்தக்காரராகவும் லைசென்ஸோடும் இருந்தால் 15 லட்சத்துக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாலிசியில் பார்க்க வேண்டும். அதிலும் சாவுக்கும் இரு உறுப்பு இழப்புக்கும் முழுத் தொகை, ஒரு கை அல்லது ஒரு கண்ணுக்குப் பாதி, விரலுக்கு இடமில்லை. வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் சுரக்ஷா பீமா திட்டமும் இதே மாதிரிதான்: இரண்டு லட்சம், ஒரு லட்சம், விரலுக்கு ஒன்றுமில்லை.

இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் முதல் சாவுக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000-மும் உண்டு. அதே தேதியில், விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போட ஆறு மாதக் கெடுவும் நடைமுறைக்கு வந்தது. கால் முறிந்தவர் ஊன்றுகோலோடு எழுவதற்கே ஆறு மாதம் ஆகும். இந்தக் கெடுவை மட்டும் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது ஓர் ஆறுதல். என்றாலும் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். வேலை விபத்துக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கெடு இரண்டு வருடமாக இருந்தது.

இடித்தது அரசுப் பேருந்து என்றால் இன்னொரு நாடகம் இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இன்சூரன்ஸ் எடுக்காமலே, சொந்த நிதியிலிருந்து கொடுத்துக்கொள்ள மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருகிறது. தீர்ப்பு வந்த பிறகும் பணம் வராது. வாரிசுகள் நிறைவேற்று மனுப் போடுவார்கள். ஒரு நாள் காலையில் நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கு வந்து, புறப்படத் தயாராக இருக்கும் வண்டியில் நோட்டீஸை ஒட்டுவார். பயணிகள் மூட்டையோடு இறங்கி அடுத்த வண்டிக்கு ஓடுவார்கள். மறுநாள் பத்திரிகையில் 'இழப்பீடு வழங்காத அரசு பஸ் ஜப்தி' என்று மூன்று பத்திச் செய்தி வரும்.

வேலைக்குப் போகிற வழியில் அடிபட்டால் அது வேலை விபத்தா? நெடுநாள் இழுபறி. சர்க்கரை ஆலை ஒன்றின் காவலாளி, 2003-இல், விடியற்காலை மூன்று மணி ஷிஃப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் இறந்துபோனார். அவர் குடும்பத்துக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2025 ஜூலை ஆயிற்று. அந்த ஆண்டு நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இ.எஸ்.ஐ. சட்டத்தையும் தனக்குள் இழுத்துக்கொண்டபோது, போக்குவரத்து வழி விபத்தை வெளிப்படையாகவே எழுதிவிட்டது. வீட்டுக்கும் வேலைக்கும் இடையே நேரமும் வழியும் பொருந்த வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. 60, 50 என்ற பழைய எண்கள் தொகுப்பிலும் தொடர்கின்றன.

யார் முதலாளி என்ற கேள்வி சிவகாசிப் பக்கம் போனால் தலையைச் சுற்றும். லைசென்ஸ் ஒருவர் பெயரில், ஷெட் உள்குத்தகைக்கு இன்னொருவரிடம், ஆளைக் கூட்டி வந்த ஏஜென்ட் மூன்றாமவர். விபத்து நடந்த ராத்திரி மூவரில் ஒருவரும் ஊரில் இருக்க மாட்டார்கள். கான்டிராக்டர் வைத்து வேலை வாங்கினாலும் மூல முதலாளி இழப்பீடு தர வேண்டும், பிறகு கான்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சட்டம் நூறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 'எல்லாம் பேசித் தீர்த்துக்கொண்டோம்' என்று வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்துக்கும் மதிப்பில்லை. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. இறந்தவர் குடும்பத்தின் கையில் நேரடியாகத் திணித்த பணத்தையும் இழப்பீடாகச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. கமிஷனரிடம் கட்டினால்தான் கணக்கு.

இத்தனைக்கும் அப்பால் இன்னொரு சதவீதம் இருக்கிறது: 40. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைச் சொல்லி, 40-ஐ வாசற்படியாக வைத்தது. இட ஒதுக்கீடு போன்ற சலுகைகள் அதைத் தாண்டியவர்களுக்கு. இரண்டு விரல் அந்தப் படியை எட்டாது. எட்டினால் மட்டும் என்ன? மத்திய அரசின் இந்திரா காந்தி ஓய்வூதியத்துக்கு 80 சதவீத ஊனம் வேண்டும், தருவது மாதம் 300 ரூபாய். தமிழ்நாடு வருவாய்த் துறை வழியாகத் தருவது 2023 ஜனவரியில் 1,000-இலிருந்து 1,500 ஆயிற்று. அரசு வேலையில் இருக்கும்போது ஊனமானால் வேலையை விட்டு எடுக்கவோ பதவி இறக்கவோ கூடாது, தக்க வேலை இல்லாவிட்டால் கூடுதல் பணியிடம் உண்டாக்கியாவது வைத்திருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. கால் எடுக்கப்பட்ட ஒரு காவலர் இந்தப் பாதுகாப்பை, இதற்கு முந்தைய சட்டத்தின் கீழ், 2003-லேயே உச்ச நீதிமன்றத்தில் நிலைநாட்டினார். தனியார் பட்டறைக்கு இது பொருந்தாது.

கடைசியாக ஒரு சதவீதம், வக்கீலுக்கு. வருகிற தொகையில் இத்தனை பங்கு என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தவறு. எந்த நீதிமன்ற வாசல் டீக்கடையிலும் அது எத்தனை என்று கேட்டால் சொல்வார்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார் என்பதை டீக்கடையில் யாரும் சொல்வதில்லை.

தம்பியின் பையை அன்றைக்குக் கொட்டிப் பார்த்தபோது அடியில் ஏ.ஆர். காப்பி இருந்தது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் டியூட்டி டாக்டர் எழுதுகிற விபத்துப் பதிவேட்டின் நகல். அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி: வீட்டில் கதவிடுக்கில் கை நசுங்கியது. இவர் மயக்கத்தில் இருக்க, கூட வந்த சூப்பர்வைசர் சொன்னதை டாக்டர் எழுதிக்கொண்டிருக்கிறார். எத்தனை பர்சென்ட் என்று கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த வரியை அதுவரை படிக்கவே இல்லை. மூன்று வாசலில் எதிலும் சேராத நான்காவது இடத்துக்கு, சொந்த வீட்டுக்கு, அவரைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது அது. பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு வரியோடு போராட்டம்தான். அன்று மாலை ஐந்தே காலுக்குப் பட்டறையிலிருந்து ஆட்டோவைக் கூப்பிட்ட போன் பதிவு, இரத்தக் கறையோடு இருந்த பட்டறைச் சட்டை, கூட வேலை பார்த்து அப்புறம் வேறு இடம் போய்விட்ட ஒருவரின் சாட்சியம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு இரண்டு வருடத்துக்கு மேல் நடந்தார்.

போன தை மாதம் உத்தரவு வந்தது. 20 சதவீதமேதான், வட்டியோடு. பணம் எடுக்க வங்கிக்குப் போனவர் அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். இடது கையால் போட்ட கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லையாம்.